பிள்ளைகளோடு வார்கேம் கண்காட்சிக்குப் போகலாமா? நியூவார்க்கில் கழிந்த ஒரு ஞாயிறு

சகோதரி, மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளித் தோழன் வீட்டில் சின்னஞ்சிறு படைவீரர் உருவங்களைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து மகன் அதே பேச்சாக இருக்கிறான். லண்டன் ஹாரோவிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய வார்கேம் கண்காட்சி, அதாவது சிற்றுருவப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் விளையாட்டுக்கான கண்காட்சி, உண்டா, மகளுக்கு அங்கே என்ன இருக்கும், செலவு கையை எவ்வளவு கடிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் தயங்கித் தயங்கி இன்னொன்றையும் கேட்டிருக்கிறீர்கள்: போரைப் பார்த்துவிட்டு இந்த நாட்டுக்கு வந்த குடும்பம், போரை விளையாட்டாக ஆடும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவது சரியா?

தாராளமாகப் போகலாம். முடிந்தால் உங்கள் மாமனாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. நான் கும்பகோணத்துக்காரன், மனைவியின் குடும்பம் யாழ்ப்பாணம். உங்கள் கடைசிக் கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்த கேள்வி. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், அங்கே என்னதான் நடக்கிறது என்பது. நம் ஊரில் நவராத்திரிக் கொலுப்படிக்கு முன்னால் தரையில் பார்க் கட்டுவார்கள் அல்லவா? மண் பரப்பி, கடுகும் கேழ்வரகும் விதைத்துப் புல் முளைக்கவிட்டு, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, அதன் ஓரத்தில் வாத்து பொம்மை வைத்து, மலைக்குமேல் கோயில் கட்டுவார்கள். வார்கேம் கண்காட்சியில் நுழைந்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது அதுதான். ஆறடிக்கு நான்கடி மேசை, சில இடங்களில் அதைப்போல மூன்று மடங்கு. மேசை முழுக்க ஒரு நிலப்பரப்பு. கம்பியைத் திரித்துச் செய்த மரங்கள், ரெசின் என்ற திரவப் பிசினை ஊற்றி உறையவைத்த ஆறு, மெல்லிய பலகையை லேசரில் வெட்டி ஒட்டிய வீடுகள், தூவி ஒட்டிய செயற்கைப் புல். அதன்மேல் நூற்றுக்கணக்கான படைவீரர்கள். ஒவ்வொருவருக்கும் கண், மீசை, சட்டைப் பொத்தான் வரைக்கும் தூரிகையால் வண்ணம் தீட்டியிருப்பார்கள். அதிகம் புழங்கும் அளவு 28 மில்லிமீட்டர். உங்கள் பெருவிரலின் மேல்கணு உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் என்று சிறுத்துக்கொண்டே போய் 6 மில்லிமீட்டரில்கூட இருக்கும். ஒரு வீரன் ஓர் அரிசிமணி அளவுதான். அந்த அரிசிமணிகளை வரிசை வரிசையாக நிறுத்தி ஒரு முழுப் படையையே மேசையில் காட்டிவிடுவார்கள். கிட்டத்தில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது, நான்கடி தள்ளி நின்றால் படை அசைவது போலிருக்கும்.

இவற்றைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் தொழில்முறைக் கலைஞர்கள் அல்லர். வார நாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் இரவுகளைச் செலவிட்டு மேசையைக் கட்டி, கண்காட்சியன்று விடியுமுன் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரும் உள்ளூர்க் கழகத்தினர். கேட்டால் போதும், எந்தச் சுவரை எந்த அட்டைப் பெட்டியில் செய்தார்கள் என்பது வரைக்கும் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு இது கிடைப்பதற்கரிய வாய்ப்பு. ஒரு பொருளைச் செய்தவர் அதன் பின்னாலேயே நின்று, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லும் இடம் வேறு எங்கே இருக்கிறது?

இனி, எந்தக் கண்காட்சி என்பது. லண்டனிலேயே சல்யூட் இருக்கிறது. சவுத் லண்டன் வார்லார்ட்ஸ் என்ற கழகம் 1972 முதல் நடத்திவருவது. இப்போது டாக்லண்ட்ஸில் உள்ள எக்ஸல் மண்டபத்தில், வழக்கமாக ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. எலிசபெத் லைனில் கஸ்டம் ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் மண்டபம் எதிரிலேயே. திரும்பும்போது ஈஸ்ட் ஹாம் பக்கம்தான் என்பதால் சாப்பாட்டுக்கும் கவலை இல்லை, மனமிருந்தால் மகாலட்சுமி கோயிலுக்கும் ஒரு நடை போய்வரலாம். வசதி என்று பார்த்தால் அதுதான் உங்களுக்குக் கிட்ட. ஆனாலும் முதல்முறை போகும் குடும்பத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன். மிகப் பெரியது. விற்பனைக் கடைகள் மட்டுமே தெருத்தெருவாக நீளும். ஏழு வயதுக் குழந்தை முதல் ஒரு மணி நேரத்திலேயே களைத்துப்போகும், பத்து வயதுப் பையன் கடைகளைத் தவிர வேறொன்றையும் பார்க்கமாட்டான்.

நான் சொல்வது பார்ட்டிசான். நாட்டிங்ஹாம்ஷயரில் நியூவார்க் ஊருக்கு வெளியே உள்ள ஷோகிரவுண்டில் ஆண்டுக்கு இரண்டு முறை ஞாயிற்றுக்கிழமையில் நடப்பது. ஹாரோவிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் என்றால் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூவார்க் நார்த்கேட் வரை ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து டாக்சி. தேதியையும் சிறுவர் கட்டணத்தையும் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், ஆண்டுக்கு ஆண்டு மாறும். அளவில் சல்யூட்டைவிடச் சிறியது, மேசைகளின் அழகில் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. கூட்டம் நெருக்காது, மேசைக்குப் பக்கத்தில் போய் நின்று பேச முடியும்.

இன்னொரு காரணமும் உண்டு. சிற்றுருவத் தொழில் வேரூன்றிய மண் அது. 1979-இல் சிட்டாடல் மினியேச்சர்ஸ் என்ற சிற்றுருவ நிறுவனம் தொடங்கப்பட்டது நியூவார்க்கில்தான். பிறகு அந்தத் தொழில் நாட்டிங்ஹாமுக்கு நகர்ந்தது. இன்று வார்ஹாமர் என்ற சிற்றுருவப் போர் விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் தலைமையிடம் அங்கேதான், வார்லார்ட் கேம்ஸ், பெர்ரி மினியேச்சர்ஸ் ஆகியவையும் அதே வட்டாரத்தில். அங்கே வேலை கற்ற சிற்பிகள் பிரிந்து போய்ப் பக்கத்திலேயே தங்கள் பட்டறைகளைத் தொடங்கினார்கள். முன்பு உருவங்களை ஈயக் கலவையில் வார்த்ததால் அந்தப் பகுதிக்கு ‘ஈயப் பட்டை’ என்றே இந்தத் துறையினர் செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். சுவாமிமலையில் சிலை வார்க்கும் தெருவில் வளர்ந்தவனுக்கு இந்தக் கதை புரியும். ஒரு கைத்தொழில் ஓர் ஊரில் ஊன்றிவிட்டால் தெருவே அதைக் கற்றுக்கொள்ளும்.

போன பிறகு என்ன செய்வது? உள்ளே நுழைந்ததும் கடைப்பக்கம் திரும்பாமல் மேசைகளை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அரை மணி நேரம் போதும். அந்தச் சுற்றிலேயே பிள்ளைகள் எந்த மேசையில் கால் ஊன்றி நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு ஒரே ஒரு மேசையைத் தேர்ந்து, அங்கே உட்கார்ந்து ஆடுங்கள். அந்த நாள் நல்லபடியாக அமைவது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இதில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும், தெரியாமல் நாங்கள் ஒருமுறை பட்டிருக்கிறோம். மேசைகள் இரண்டு வகை. ஒன்று காட்சி ஆட்டம்: கழகத்தினர் தாங்களே ஆடுவார்கள், நாம் பார்க்கலாம், பேசலாம், தொடக்கூடாது. மற்றது பங்கேற்பு ஆட்டம்: வந்தவரை உட்காரவைத்து, விதியைச் சொல்லிக்கொடுத்து, முக்கால் மணி நேரத்துக்குள் ஓர் ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். வேறொரு கண்காட்சியில் என் மகன் காட்சி மேசை ஒன்றில் ஆசையாகப் பகடையை எடுத்துவிட்டான். மேசைக்காரர் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த நாளே கசந்துபோனது. அதனால் முதலில் நீங்களே போய், “இது நாங்கள் சேர்ந்து ஆடக்கூடியதா?” என்று கேட்டுவிடுங்கள். ஆம் என்று சொல்கிறவர்கள் மனமாரத்தான் சொல்கிறார்கள். சிறுபிள்ளைகள் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

ஆட்டம் எப்படி என்றால், அளவு நாடாவும் பகடையும்தான் கருவி. காலாட்படை ஒரு முறைக்கு ஆறு அங்குலம் நகரலாம், குதிரைப்படை பன்னிரண்டு என்பதுபோல விதி இருக்கும். சுடும்போது பகடையை உருட்டி, நான்கோ அதற்கு மேலோ விழுந்தால் குறி பட்டது என்பார்கள். வேலிக்குப் பின்னால் இருப்பவனைச் சுட வேண்டுமென்றால் ஐந்து விழ வேண்டும். ஏழு வயதுக் குழந்தை பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்ளும். தாயமும் பரமபதமும் ஆடிய கைகளுக்கு இது பெரிய காரியமில்லை. ஆனால் நல்ல விதிகளில் ஒன்று மட்டும் எப்போதும் இருக்கும், அதைக் கவனியுங்கள்: துணிவுச் சோதனை. ஒரு படைப்பிரிவில் சிலர் விழுந்ததும் பகடை உருட்டிப் பார்க்க வேண்டும், மீதமிருப்பவர்கள் நிற்பார்களா, ஓடுவார்களா என்று. பெரும்பாலான ஆட்டங்களில் ஒரு பக்கம் தோற்பது எல்லோரும் செத்துவிழுந்ததால் அல்ல, அஞ்சி ஓடியதால். இருபது பேரை அழகாக நிறுத்தி வைத்திருந்த என் மகன், அவர்கள் திரும்பி ஓடுவதைப் பார்த்துத் திகைத்துப்போய், “இன்னும் பதினைந்து பேர் இருக்கிறார்களே, ஏன் ஓடுகிறார்கள்?” என்று கேட்டான். “நீ அங்கே நின்றால் ஓடமாட்டாயா?” என்று மேசைக்காரர் கேட்டார். கணினி விளையாட்டில் ஆயிரம் பேரைச் சுட்டுத்தள்ளிய பையனுக்கு அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

பணத்தைப் பற்றி. இது இறைக்க இறைக்க ஊறும் செலவு, அதனால் தொடக்கத்திலேயே கையைக் கட்டிக்கொள்வது நல்லது. 28 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காலாட்படை ஒரு பெட்டியில் முப்பத்தாறோ நாற்பதோ இருக்கும், விலை ஏறத்தாழ 25 பவுண்டு. மகன் அதைத்தான் கேட்பான். வாங்காதீர்கள். நாற்பது பேரை வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டப் பெரியவர்களுக்கே மாதக்கணக்கில் ஆகும். பிள்ளை மூன்றை முடித்துவிட்டு முப்பத்தேழை அலமாரியில் போட்டுவிடும். முடிக்காத அந்தப் பெட்டி அவன் மனத்தில் சுமையாக உட்காரும். உதிரியாக விற்கும் உலோக உருவங்களில் ஆளுக்கு மூன்று போதும், ஓர் உருவம் இரண்டு மூன்று பவுண்டுக்குள் கிடைக்கும். நான்கு குப்பி அக்ரிலிக் வண்ணம், ஆளுக்கொரு நல்ல தூரிகை, உலோகத்தில் அடிவண்ணம் பிடிப்பதற்கு ஒரு பிரைமர். அதோடு நிறுத்துங்கள். பிளாஸ்டிக்குக்கு உரிய பசை உலோகத்தில் ஒட்டாது, உலோகத்துக்கு சூப்பர் க்ளூ வேண்டும். அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நீங்களே ஒட்டிக்கொடுங்கள்.

சில கண்காட்சிகளில் பழைய பொருள்களை மறுவிற்பனை செய்யும் மேசை இருக்கும். மலிவாகக் கிடைக்கும், தேடும் இன்பமும் உண்டு. ஆனால் பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கும். தொட்ட கையோடு பிள்ளைகள் எதையும் வாயில் வைக்கக்கூடாது, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் அந்த உருவங்களை வாங்கவே வேண்டாம்.

சாப்பாடு கையோடு எடுத்துப் போங்கள். மண்டபத்துக்குள் கிடைப்பது பர்கரும் சிப்ஸும்தான். தரை கெட்டித் தரை, கால் வலிக்கும், பழகிய செருப்போ காலணியோ போட்டுக்கொள்ளுங்கள். திறக்கும் நேரத்துக்கே போய் வரிசையில் நிற்கத் தேவையில்லை, ஒரு மணி நேரம் கழித்துப் போனால் வரிசையே இருக்காது. மூன்று மணி நேரத்துக்குமேல் உள்ளே இருக்கவும் வேண்டாம். மகளுக்குச் சலித்துவிட்டால் ஷோகிரவுண்டுக்குப் பக்கத்திலேயே நியூவார்க் விமான அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே நிற்கும் வல்கன் குண்டுவீச்சு விமானத்தின் சிறகுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்த பிள்ளைகள் அதை எளிதில் மறக்கமாட்டார்கள்.

இனி உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

மேசையில் போரை ஆடுவது இரண்டு வழியாக வந்தது. ஒன்று ராணுவ வழி. 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வரைபடத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் பகடை உருட்டும் ஆட்டத்தின் விதிகளை வெளியிட்டார், அது படை அதிகாரிகளுக்கான பயிற்சியாயிற்று. மற்றது வீட்டு வழி. 1913-இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூலை எழுதினார். பொம்மைப் படைவீரர்களைத் தரையில் நிறுத்தி, வில்சுருள் வைத்த பொம்மைப் பீரங்கியிலிருந்து மரக்குச்சியை எய்து அவர்களை வீழ்த்தும் ஆட்டம். கண்காட்சியில் நீங்கள் பார்க்கப்போவது அந்த வீட்டு வழியின் பிள்ளை. அந்த நூலை வெல்ஸ் எதில் முடிக்கிறார் என்பது முக்கியம். இந்தச் சின்னப் போரை மூன்று நான்கு முறை ஆடிப் பார்த்தவனுக்கு, உண்மையான பெரும்போர் எவ்வளவு தடுமாற்றமும் மடமையும் நிறைந்ததாக இருக்கும் என்று தானே விளங்கிவிடும் என்கிறார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. அவர் சொல்லை உலகம் கேட்கவில்லை. ஆனால் அவர் சொன்னது பொய்யாகிவிடவில்லை.

இது படிப்பாளியின் பதில். எங்கள் வீட்டில் வேலைக்கு ஆகாத பதிலும்கூட. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நியூவார்க் போகிறோம் என்றதும் மாமா, அதாவது என் மனைவியின் அப்பா, “பார்ப்பதற்கு வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?” என்று மட்டும் கேட்டார். எழுபத்து மூன்று வயது. யாழ்ப்பாண நகரில் கடை வைத்திருந்தவர். காலையில் புறப்படும்போது என்ன நினைத்தாரோ, மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்து காரில் ஏறிவிட்டார்.

முதல் சுற்றில் எங்களுக்குப் பின்னால் இரண்டடி தள்ளியே நடந்துகொண்டிருந்தார். ஒரு மேசைக்கு முன்னால் மட்டும் நின்றுவிட்டார். நியூவார்க் முற்றுகையைக் காட்டும் மேசை அது. இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் மன்னர் முதலாம் சார்லஸின் பக்கம் நின்ற ஊர் நியூவார்க். மூன்று முறை முற்றுகையிடப்பட்டது. கடைசி முற்றுகை 1645-இல் தொடங்கி 1646 மே மாதம்வரை நீடித்தது. ஊரைக் காக்க வெளியே மண்ணைக் குவித்துக் கட்டிய குவீன்ஸ் ஸ்கான்ஸ் என்ற கொத்தளம்தான் மேசையின் நடுவில். விண்மீன் வடிவம். நான்கு மூலையும் அம்புமுனைபோல வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மாமா விரலை மேசையில் படாமல் நீட்டி, “இது எங்கள் கோட்டை” என்றார்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. யாழ்ப்பாணக் கோட்டையும், போர்த்துக்கேயர் கட்டியிருந்ததை அதே நூற்றாண்டில் ஒல்லாந்தர் மாற்றிக் கட்டியது. ஐந்து மூலை, ஒவ்வொரு மூலையிலும் இதே அம்புமுனைக் கொத்தளம். மண்ணுக்குப் பதில் கல், அவ்வளவுதான். ஏன் அந்த வடிவம் என்று என் மகன் கேட்டான். மேசைக்காரர், நரைத்த தாடியுடைய ஒரு மெலிந்த மனிதர், அளவு நாடாவை இழுத்து ஒரு முனையிலிருந்து அடுத்த முனையின் பக்கச் சுவர் வரை பிடித்துக் காட்டினார். மூலை சதுரமாகவோ உருண்டையாகவோ இருந்தால் அதன் அடியில் வந்து ஒட்டிக்கொண்டவனை மேலே இருப்பவனால் பார்க்க முடியாது. அம்புமுனையாக இருந்தால் ஒளிய இடமே இல்லை, எந்தச் சுவரின் அடியில் வந்தாலும் பக்கத்து முனையில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். மகன் தன் கையிலிருந்த பகடையைச் சுவரோரமாக ஒவ்வோர் இடமாக வைத்து, ஒளியும் இடம் உண்டா என்று தேடினான். எங்கே வைத்தாலும் நாடா வந்து தொட்டது. பத்து நிமிடம் இது நடந்தது.

மாமா அதையெல்லாம் பார்க்கவில்லை. மேசையின் அடுத்த கோடியில் இருந்த ஊர்ப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓடு வேய்ந்த வீடுகள், கிணறு, தேவாலயக் கோபுரம், அழகான தெரு. “ஊருக்குள் இருந்த சனம் எங்கே?” என்று என்னிடம் கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். மேசைக்காரர் கையிலிருந்த பகடைகளைக் கீழே வைத்துவிட்டார்.

1990-இல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ராணுவம், வெளியே முற்றுகை, இரண்டுக்கும் நடுவில் நகரம். மாமாவின் கடை அந்த நகரத்தில் இருந்தது. இதை நான் அந்த இடத்தில் நான்கு வரியில் மொழிபெயர்த்துச் சொன்னேன். எங்கள் பிள்ளைகள் இருவரும் அதைக் கேட்டது அன்றுதான் முதல்முறை. வீட்டில் யாரும் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை.

அந்த மனிதர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. ஊருக்குள் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். முற்றுகையின் கடைசி மாதங்களில் ஊருக்குள் கொள்ளைநோய் பரவியது, உணவு தட்டுப்பட்டது. படைக்குச் சம்பளம் கொடுக்கக் காசு இல்லாமல் வெள்ளித் தட்டுகளையும் பாத்திரங்களையும் வெட்டி, சாய்சதுரமாக நாணயம் அடித்தார்கள். மன்னர், அருகிலுள்ள சவுத்வெல் என்ற ஊரில் ஸ்காட்லாந்துப் படையிடம் சரணடைந்து, நியூவார்க்கையும் பணியச் சொல்லி உத்தரவு போட்ட பிறகுதான் கதவு திறந்தது. “நீங்கள் கேட்டது சரி. ஊரில் யாரையும் வைக்க எங்களுக்குத் தோன்றவே இல்லை” என்றார் கடைசியில்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இது. அந்த மேசைகளில் இல்லாதது ஒன்று உண்டு, அதைக் கேட்பதற்கு உங்கள் குடும்பத்தில் ஆள் இருக்கிறது. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஆனால் முன்கூட்டியே எதற்கு என்று சொல்லி, விருப்பம் கேட்டு அழைத்துச் செல்லுங்கள். எங்களைப்போல் தற்செயலுக்கு விட வேண்டாம். அண்மைக்காலப் போர்களைக் காட்டும் மேசைகளும் ஒன்றிரண்டு இருக்கும், இடிந்த சிமெண்ட் வீடுகள், ஜீப்புகள் என்று. அவற்றை ஒதுக்கிவிட்டு நடக்கிறோம். முந்நூறு ஆண்டு இடைவெளி இருந்தால்தான் எங்கள் வீட்டில் பேச்சு வருகிறது. உங்கள் வீட்டில் எந்த இடைவெளி தேவை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மதியம் மூன்று மணிக்குள் வெளியே வந்து ஊருக்குள் போனோம். நியூவார்க்கில் உள்நாட்டுப் போருக்கென்றே ஒரு தேசிய அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. திறந்திருக்கும் நேரத்தை முன்பே பார்த்துவிட்டுப் போங்கள். அந்தச் சாய்சதுர நாணயங்கள் அங்கே இருக்கின்றன. கண்ணாடிக்குப் பின்னால் அவற்றைப் பார்த்த மகள், யாருடைய தட்டாக இருந்திருக்கும் என்று கேட்டாள். பிறகு ஊரின் தென்மேற்கு ஓரத்தில், பூங்காவுக்குள் இருக்கும் உண்மையான ஸ்கான்ஸுக்குப் போனோம். மேசையில் முழங்கை நீளம் இருந்த அதே விண்மீன், இங்கே புல் மூடிய மேடாக, ஏறினால் மூச்சு வாங்கும் உயரத்தில். மகன் ஒரு முனையில், மகள் அடுத்த முனையில் நின்று, “தெரிகிறேனா?” என்று ஒருவரையொருவர் கத்திக் கேட்டுக்கொண்டார்கள். எங்கே ஒளிந்தாலும் தெரிந்தது. மாமா பள்ளத்துக்குள் இறங்காமல் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார்.

உங்கள் மகளுக்கு அங்கே என்ன இருக்கும் என்று கேட்டீர்கள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. அவள் தன் கைச்செலவுப் பணத்தில் ஒரு கடையில் மூன்று உருவங்கள் வாங்கினாள். படைவீரர்கள் அல்லர், அந்தக் காலத்து ஊர்மக்கள்: கூடை சுமக்கும் ஒரு பெண், கோலூன்றிய ஒரு கிழவர், நாயோடு ஒரு பையன். இப்படியும் வார்த்து விற்கிறார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த சனிக்கிழமை சமையலறை மேசையில் செய்தித்தாள் விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பெண்ணின் பாவாடைக்கு முதலில் நீலத்தைத் தடிமனாக அப்பிவிட்டாள், மடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. கழுவி மறுபடி அடிவண்ணம் பூசினோம். இந்த முறை வண்ணத்தைத் தண்ணீரில் பால்போலக் கரைத்து, இரண்டு மெல்லிய பூச்சு. அது காய்ந்ததும், தேயிலைச் சாயம்போல நீர்த்த பழுப்பை மேலே ஓடவிட்டாள். அது மேடுகளில் தங்காமல் வழிந்து, மடிப்புகளின் பள்ளத்தில் மட்டும் போய் நின்றது. கண்முன்னே அந்தப் பாவாடைக்கு நிழல் வந்துவிட்டது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கூடைக்குள் என்ன வைப்பது என்று தாத்தாவிடம் கேட்டாள். “மாம்பழம் வை” என்றார். 1646-ஆம் ஆண்டு நியூவார்க்கில் மாம்பழம் இருந்திருக்காது என்று மகன் ஆட்சேபித்தான். மஞ்சளும் ஒரு துளி சிவப்பும் வைத்தாயிற்று.

அடுத்த ஆண்டு அந்த மூவரையும் பெட்டியில் பஞ்சு சுற்றி எடுத்துக்கொண்டு போனோம், அந்த ஊரில் வைக்கலாம் என்று. கழகங்கள் ஆண்டுதோறும் புது மேசை கட்டுவார்கள் என்பதால் நியூவார்க் மேசை வரவில்லை, தாடிக்காரரையும் காண முடியவில்லை. திரும்பக் கொண்டுவந்து சன்னலோரம் வைத்தோம். சில நாள் கழித்துப் பார்த்தால் அவர்களைச் சுற்றி ஒரு வேலி. மாமா பழுப்புக் காகிதத்தைத் தீக்குச்சி அகலத்தில் நறுக்கி, ஓலை பின்னுவதுபோலவே ஒன்றுவிட்டு ஒன்று பின்னி, தேநீரில் தோய்த்துக் காயவைத்துக் கிடுகு வேலி அடைத்திருந்தார். விரல் உயரம்கூட இல்லை. ஓர் இடத்தில் மட்டும் பின்னாமல் இடைவெளி விட்டிருந்தார். அது ஏன் என்று மகள் கேட்டதற்கு, படலை என்றார். பக்கத்து வீட்டுக்காரர் வந்துபோக வழி வேண்டும் அல்லவா என்றார்.